யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை நாற்சார் வீட்டுக்குச் சீமெந்து பூசலாமோ?

எங்கட அம்மம்மான்ர நாற்சார் வீடு, நடுவில முற்றம் விட்டு நாலு பக்கமும் சுண்ணாம்புச் சாந்தில கட்டினது, சுவர் அடியில உப்புப் பூத்துக் கழண்டு விழுது, மேசன் எல்லாத்தையும் கொத்திப்போட்டு சீமெந்து பூசுவம் எண்டுறார், என்ன செய்யிறது?

பதில் 1:
ஐயோ வேண்டாம் அண்ணை! சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளால ஈரம் வெளிய போகும், சீமெந்து அதை மறிச்சா உள்ளுக்கையே நிண்டு கல்லை அரிக்கும், ரெண்டு மாரி போக சீமெந்தும் பாளமாக் கழரும். தண்ணி விட்டு நீத்தின சுண்ணாம்பும் மணலும்தான் சரி.

பதில் 2:
அதுக்கு முதல் கூரைத் தண்ணி ஓடுற பீலியையும் நடுமுற்றத்து வாய்க்காலையும் பாருங்கோ. எங்கட வீட்டில தோண்ட ஒரு வாளி மாவிலை வந்தது, பிறகு சுவர் தானாக் காஞ்சிட்டுது.

பதில் 3:
கூரையைத் தாங்கிற பனஞ்சிலாகையை (பனைமரச் சட்டங்களை) மட்டும் வித்திடாதேங்கோ, அப்பிடி வைரம் பாஞ்ச பனை இப்ப எங்க கிடைக்கும்?

கேட்டவர்:
ஓம், வாய்க்கால் அடைச்சுத்தான் கிடக்கு. மேசனை மறிச்சிட்டன், மனுசனுக்குக் கோவம்.