பைன் காட்டு ஒளிக்கதிர் படம்: எடுத்ததா, ஒட்டியதா?

பழைய ரோல்: நேற்று ஒருவர் கொடைக்கானல் பைன் காட்டில் கதிர் இறங்கும் படத்தைப் போட்டு, 'கேமராவில் விழுந்தது அப்படியே, ஒரு திருத்தமும் இல்லை' என்று எழுதியிருந்தார். ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. வயிற்றெரிச்சல் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து வரும் கதிர் இணையாகத்தான் வரும். இந்தப் படத்தில் ஒரே மர உச்சியிலிருந்து நாலா பக்கமும் விரிகிறது. இணையான கதிர் எப்படி ஐயா விரியும்? கம்ப்யூட்டரில் ஒட்டியது.

வட்டக்கானல் வாசி: படம் என்னுடையது. 'ஒருவர்' என்று ஒளித்துச் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் வெயில் ஏறியதும் சருகிலிருந்து ஆவி கிளம்பியது. 16 எம்எம் அகல லென்ஸ், ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ட்ரைபாட். சூரியனை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைத்து நின்றேன். வெளிச்சம் வெளுத்துவிடக் கூடாதென்று ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

பழைய ரோல்: லென்ஸ் ஜாதகம் யார் கேட்டது? விரிகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

குறிஞ்சிப்பூ: அண்ணா, கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் பிளாட்பார முனையில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். தூரத்தில் ஒட்டிக்கொண்டு, நம் காலடியில் விரிந்து கிடக்கும். கதிரும் அப்படித்தான். அகல லென்ஸில் இன்னும் அதிகமாக விரிந்து தெரியும். அதே இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி தூரத்தை இழுக்கும் 200 எம்எம் லென்ஸ் போட்டால் கிட்டத்தட்ட இணையாகவே விழும். அப்புறம், மூடுபனியின் துளி தன்மேல் படும் ஒளியில் பெரும்பங்கை முன்பக்கமாகத்தான் சிதறவிடும். அதனால் சூரியனைப் பார்த்து நின்றால்தான் கதிர் பளிச்சென்று இருக்கும். முதுகைக் காட்டி நின்றால் வெறும் வெள்ளை மூட்டம்.

பழைய ரோல்: தண்டவாளம் தரையில் கிடக்கிறது தம்பி, ஒளி மேலிருந்து வருகிறது. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். நான் ஸ்லைடு பிலிமில் எடுத்தவன். அரை ஸ்டாப் தப்பினால் ரோலே வீண். மவுஸைத் தேய்த்து வளர்ந்தவர்கள் எனக்கு வெளிச்சப் பாடம் எடுக்க வேண்டாம். இணையான கதிர் விரியாது.

குறிஞ்சிப்பூ: ஊரிலேயே சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1901 முதல் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்களேன்.

பழைய ரோல்: அவர்கள் பார்ப்பது சூரியனை. நான் கேட்பது படத்தை.

சோலைக்காடன்: எனக்குச் சந்தேகம் வேறு. அது பனியா புகையா? கல்யாண போட்டோ கோஷ்டி ஒன்று சருகைக் கொளுத்திப் புகை போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். மாசி, பங்குனியில் ஒரு பொறி போதும், மலையே எரியும். காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம் என்பது தெரியாதா? அதோடு பைன் நம் மலை மரமே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது. நம் மலையின் சொந்தக் காடான சோலைக்குள் போய் எடுங்கள்.

வட்டக்கானல் வாசி: நான் தீ வைத்தேனா? முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் சருகு எப்படி எரியும், கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? மெல்லிய புகை இருட்டான மரத்தின் முன்னால் நீலம் தட்டும். என் படத்தில் வெள்ளை.

சோலைக்காடன்: நீலத்தை எடுத்துவிட ஒரு நிமிஷம் ஆகுமா?

தொட்டபெட்டா 2637: ஒட்டு வேலையைக் கண்டுபிடிக்க நிழலைப் பாருங்கள். இடப்பக்கம் மூன்றாவது மரத்தின் நிழல், கதிருக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டையாகக் காற்றிலேயே கீழே இறங்குகிறது. அதன் சாய்வும் கதிரின் சாய்வும் ஒன்று. அவசரத்தில் ஒட்டுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். மற்றபடி பனி என்றால் ஊட்டிதான், கொடையில் பாதி நாள் டூரிஸ்ட் வண்டிப் புகை.

குறிஞ்சிப்பூ: சீசனில் ஊட்டி மலைப்பாதையில் வண்டி ஊர்வதை விடவா?

பழைய ரோல்: நிழலாம், பட்டையாம். ரா ஃபைலை, கேமரா பதிந்த திருத்தாத மூலத்தை, காட்டச் சொல்லுங்கள், தீர்ந்தது.

வட்டக்கானல் வாசி: காட்ட மாட்டேன். போன தடவை நம்பிக் கொடுத்த படம் ஒரு லாட்ஜ் காலண்டரில் தொங்கியது. என் பெயர் மூலையில்கூட இல்லை. அதை லாட்ஜுக்குக் கொடுத்தவர் இந்த இழையில்தான் இருக்கிறார்.

பழைய ரோல்: என்னையா சொல்கிறீர்கள்? பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். ரா ஃபைல் இல்லை, அதனால் காலண்டர் கதை. சரி, காலண்டரை விடுங்கள். இணையான கதிர் எப்படி விரியும்? இதுவரை ஒருத்தர் பதில் சொல்லவில்லை.

குறிஞ்சிப்பூ: மேலே நான் எழுதியது என்னவாம்?

பழைய ரோல்: அது தண்டவாளம்.

தொட்டபெட்டா 2637: எங்கள் மலைப்பாதையைப் பற்றிப் பேசியவர் எங்கே போனார்? ஊட்டியிலும் பைன் காடு இருக்கிறது, வந்து பாருங்கள்.

சோலைக்காடன்: அங்கேயும் நட்ட மரம்தான்.