மருத்துவ மாணவர்களின் மனச்சோர்வுக்குக் கற்பிக்கும் முறையும் காரணமா?

அல்சூர் அம்மா:
வணக்கம். என் மகள் பெங்களூரில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சில மாதங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை; விடிகாலை மூன்று மணிக்கே விழித்து, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். பாடம் கடினமா என்று கேட்டால், "பாடம் இல்லை அம்மா, நாளைக்கு வைவா" என்று வாய்மொழித் தேர்வைச் சொல்கிறாள். கற்பிக்கும் முறைதான் பிள்ளைகளை இப்படி வாட்டுகிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உடலியங்கியல் ஆசிரியர்:
அம்மா, இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. 43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்ததாகக் கூறுகிறது. அவர்களுள் சிகிச்சையை நாடியவர்கள் சுமார் 16 விழுக்காட்டினரே.

கற்பிக்கும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில், தொடக்க ஆண்டுகளில் தரவரிசையை நீக்கித் தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டும் அறிவித்து, வகுப்பு நேரத்தையும் குறைத்த பின் மாணவர்களின் மனச்சோர்வு குறைந்தது. ஆனால் 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, நோயாளியின் சிக்கலை முன்வைத்துச் சிறு குழுவாகக் கற்கும் முறையைக் கொண்டுவந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தாலும், தெரியாது என்றவரை ஆசிரியர் இளக்காரமாகப் பார்த்தால் அதுவும் பழைய வகுப்பேதான். நானும் தொடக்கத்தில் அப்படிப் பார்த்திருக்கிறேன், இன்றும் வருந்துகிறேன்.

பயிற்சி மருத்துவர்:
ஐயா சொல்வது உண்மை. வார்டில் இதய ஒலியை இனங்காணத் தெரியாமல் நான் நின்றபோது, "உனக்கெல்லாம் யார் சீட்டுக் கொடுத்தது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். கட்டிலில் படுத்திருந்த சேலத்துத் தாத்தா, "பரவாயில்லை கண்ணு" என்று மெல்லச் சொன்னார். அதன் பிறகு பல வாரங்கள் நான் வார்டுக்கே போகவில்லை. இன்னொரு யூனிட்டில், விடையைப் பெயரில்லாத துண்டுச்சீட்டில் எழுதி வாங்கி, தவறான விடைகளிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை அச்சமின்றிக் கையில் எடுத்தது அவரிடம்தான்.

அல்சூர் அம்மா:
இருவருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறாள்.

உடலியங்கியல் ஆசிரியர்:
அம்மா, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது என்பதை அவளிடம் சொல்லுங்கள். விடிகாலை விழிப்பும் பசியின்மையும் மாதக்கணக்கில் நீடிப்பதால் தள்ளிப்போட வேண்டாம். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்றிரவே பேச விரும்பினால், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.