பாண்டி பஜாரில் கருத்துக் கேட்ட விதம்: ஒரு குடியிருப்பாளரின் அனுபவம்

கடைவீதியைப் புதுப்பிக்கும்போது மக்களிடம் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு என்று இங்கே சிலர் எழுதியிருந்தார்கள். சென்னையின் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கென அகன்ற நடைபாதையோடு கடைவீதியை மாற்றியமைத்த ‘நடைபாதை வளாகம்’ உருவானபோது, தியாகராய நகரில் (தி.நகர்) குடியிருப்பவன் என்ற முறையில் நான் கண்டவற்றைப் பகிர்கிறேன். அங்கே சடங்கும் நடந்தது, உருப்படியான விசாரிப்பும் நடந்தது.

மயிலாப்பூர் ஏரி இருந்த நிலத்தில் 1920களில் எழுந்த எங்கள் பகுதிக்கு, பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலையை நோக்கிச் செல்லும் தியாகராயா சாலைதான் கடைவீதி; பாண்டி பஜார் என்பது அதைத்தான். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் புரியாது. 2016 ஜனவரியில் மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் ஒன்றாகச் சென்னை தேர்வானபோது, பகுதி மேம்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது தி.நகர்தான்.

முதலில் நான் போனது ஓர் அரங்கக் கூட்டம். அகன்ற நடைபாதை, மர நிழல், இருக்கைகள் என்று வண்ணப் படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவற்றை யாரும் எதிர்க்கவில்லை. அவற்றைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. 2015 வெள்ளம் மறக்காதிருந்த நேரம் என்பதால், எழுந்த கேள்விகள் அனைத்தும் மழைநீர் வடிகாலையும் சாக்கடையையும் பற்றியே இருந்தன. அவை நியாயமான கேள்விகள்தாம் என்றாலும், படத்தை வரைந்தவர்களுக்கு அன்று புதிதாக எதுவும் கிடைத்திருக்காது.

நிலைமையை மாற்றியது சோதனை ஓட்டம். நிரந்தரக் கட்டுமானத்துக்கு முன்பே, தடுப்புகளை வைத்து வாகனப் போக்குவரத்தைத் தடுத்துவிட்டு, சாலையை நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் சாலையில் நின்றுகொண்டு திட்டவட்டமாகப் பேசினார்கள். முழங்கால் வலியோடு வந்த ஓர் அம்மாள், இவ்வளவு தூரம் நடப்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும், திரும்பிப் போக ஆட்டோ எந்த முனையில் நிற்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டார். சக்கர நாற்காலியில் வந்த ஓர் இளைஞர், இரு தடுப்புகளுக்கு இடையே நுழைய முடியாமல் நின்று, இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று நாற்காலியை வைத்தே அளந்து காட்டினார். எந்தப் படத்தைக் காட்டியிருந்தாலும் இந்த இரண்டு பதில்களும் வந்திருக்கமாட்டா.

கடைக்காரர்களின் அச்சம் வேறு. கல்யாண ஜவுளி எடுக்கக் குடும்பத்தோடு வருபவர்கள் கடை வாசலில் கார் நிற்காவிட்டால் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு ஜவுளிக்கடை முதலாளி என்னிடம் கவலைப்பட்டார். அவர் கடை வாசலில் அன்றாடம் நிற்கும் கார்களில் சில, அதே வரிசைக் கடைக்காரர்களுடையவை என்பதை அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர் அச்சத்தை வீண் என்று தள்ள முடியாது: நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது, பல அடுக்கு வாகன நிறுத்தம் அதன் பிறகே பயன்பாட்டுக்கு வந்தது. என்னைக் கேட்டால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு இன்றும் உறுத்துவது நடைபாதை வியாபாரிகளின் நிலை. நீதிமன்ற உத்தரவுகளைத் தொடர்ந்து அவர்கள் 2013இலேயே வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள்; அகன்ற நடைபாதைக்கு இடம் கிடைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சாலையின் எதிர்காலம் பேசப்பட்டபோது, பல்லாண்டு அங்கே பூவும் வளையலும் விற்றவர்களை நான் போன கூட்டத்தில் காணவில்லை. தெருவோர வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. கடைவீதித் திட்டம் தீட்டும் மேசையிலும் அந்த அளவுக்கு இடம் கொடுத்தால், நடைபாதையில் எங்கே விற்பது, எங்கே நடப்பது என்ற சண்டை திறப்பு விழாவுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

இப்போதைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் குழந்தைகள் ஓடி விளையாடவும் முதியவர்கள் உட்கார்ந்து பேசவும் அங்கே இடம் இருக்கிறது, பழைய மரங்களும் நிற்கின்றன. இருசக்கர வாகனங்கள் நடைபாதையில் ஏறுவதும் நின்றபாடில்லை. சரக்கு இறக்கும் நேரத்தைப் பற்றி அன்று யாரும் விரிவாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. உங்கள் ஊர்க் கடைவீதியில் அந்த நேரத்தை யார், எப்படி முடிவு செய்தார்கள் என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் பயனாக இருக்கும்.