புதுப்பிப்பு: ரைன்ஹார்ட் இருந்தும் ஏன் தோற்றோம்

ஓவர்வாட்ச் 2 என்ற அணிச் சண்டை வீடியோ கேமில், சுத்தியல் ஏந்திய ரைன்ஹார்ட் பாத்திரத்தை எடுத்தும் கிங்ஸ் ரோ மேப்பில் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்று போன வாரம் கேட்டிருந்தேன், விடை கிடைத்துவிட்டது. டேங்க் (முன்னால் நின்று அடி தாங்குபவர், அதாவது ரைன்ஹார்ட்) சரிதான், கூட இருந்தவர்கள்தான் பொருந்தவில்லை: தூரத்திலிருந்து சுடும் விடோமேக்கர் எங்கோ பின்னால், டிரேசர் எதிரியின் முதுகுப்பக்கம், சுத்தியலோ சில மீட்டர்தான் எட்டும், ஆக ரைன்ஹார்ட் ஒவ்வொரு முறையும் தனியாகப் போய் விழுந்தார். இப்போது லூசியோ வேகம் கூட்ட, கிட்டத்தில் நின்று தாக்கும் ரீப்பர், மெய் எல்லோரும் ஒரே நேரத்தில் மூலையைத் தாண்டிப் பாய்கிறோம். எவ்வளவு வித்தியாசம்!

அப்புறம், நீங்கள் சொன்ன வின்ஸ்டன் டைவையும் (தாவும் டேங்கான வின்ஸ்டனோடு எல்லோரும் சேர்ந்து எதிரி மேல் பாய்வது) முயன்றோம். எங்களுக்குச் சிகிச்சை தரும் அனாவால் கூடவே தாவ முடியாது, அதனால் இன்னொரு சிகிச்சையாளரான கிரிக்கோவுக்கு மாறினோம், அவர் சுவருக்கு அப்பாலிருந்தும் நம்மிடம் டெலிபோர்ட் ஆகி வந்துவிடுவார். எதிரணியின் ஃபாரா பறந்தால் மட்டும் இன்னும் திணறுகிறோம், அடுத்து, துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் கேசிடியை எடுத்துப் பார்க்கப் போகிறோம்.