ஐந்து நிமிடக் கேம்களால், ஊன்றி ஆடும் கேம்கள் அழிந்துவிடுமா?

கொக்குவில்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடசாலை நாள்களிலிருந்தே கணினியில் ஊன்றி ஆடும் கேம்களைத்தான் விரும்பி வந்திருக்கிறேன். 'டார்க் சோல்ஸ்' கேமில் ஓர் எதிரியிடம் ஏழு இரவுகள் தோற்று எட்டாம் இரவில் வென்றபோது கிடைத்த நிறைவு எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. இப்போது சுற்றிப் பார்த்தால் எல்லோர் கையிலும் ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கும் கேஷுவல் கேம்களே இருக்கின்றன. அம்மா உலை கொதிக்கும்வரை கேண்டி க்ரஷ் ஆடுகிறார். முன்பு என்னோடு விடிய விடிய ஆடிய நண்பர்கள்கூட பேருந்தில் ஆடும் சிறு கேம்களோடு நிறைவடைந்துவிடுகிறார்கள். 2016இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனம், கேண்டி க்ரஷை உருவாக்கிய கிங் நிறுவனத்தை 5.9 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஆட்களும் பணமும் அந்தப் பக்கமே சாய்ந்தால், ஐந்தாறு ஆண்டுகள் உழைத்து ஒரு பெரிய கேமைச் செய்ய யார் முன்வருவார்கள்? என் அச்சம் நியாயமானதா?

நல்லூரான் எழுதியது:

தம்பி, இந்த அச்சம் புதியதன்று. 2002இல், போரால் மூடப்பட்டிருந்த ஏ9 வீதி யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் நான் ஆறு கணினிகளை வைத்து ஒரு நெற் கபே நடத்தினேன். மாலையில் வரும் மாணவர்கள் நான்கு கணினிகளில், அணியாகப் பிரிந்து சுட்டு ஆடும் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுவார்கள். மற்ற இரண்டும் பழையவை, அவற்றில் அந்தக் கேம் ஓடாது. ஆகவே முறைக்குக் காத்திருப்பவர்கள் அவற்றில் சொலிடேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த அந்தச் சீட்டாட்டத்தால் கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு ஆள் குறைந்து நான் கண்டதில்லை.

இதைவிடப் பெரிய சான்று ஜப்பானியக் கேம் நிறுவனமான நின்டென்டோவின் வரலாறு. 2006இல் வெளிவந்த அதன் வீ என்ற கேம் கருவி, கையை வீசியே டென்னிஸ் ஆடலாம் என்ற எளிமையால், அதுவரை கேமைத் தொட்டிராத முதியவர்களையும் ஈர்த்து 100 மில்லியனுக்கு மேல் விற்றது. இனி எல்லாக் கேம்களும் இப்படித்தான் ஆகும் என்று அன்றும் பலர் கலங்கினார்கள். ஆனால் 2007இல் ஐபோனும் 2009இல் ஆங்ரி பேர்ட்ஸும் வந்த பின் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கைபேசிக்கு நகர்ந்துவிட, 2012இல் வந்த அடுத்த கருவியான வீ யூ 14 மில்லியனைக்கூட எட்டவில்லை. நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது 2017இல் வந்த ஸ்விட்ச் என்ற கருவி. அது வெளியான அன்றே அதனுடன் வந்த செல்டாவோ நூறு மணி நேரம் அலைந்தாலும் தீராத கேம். எளிமைக்காக வந்தவர்கள் இன்னும் எளிதாகக் கிடைக்குமிடத்துக்குப் போனார்கள். ஊன்றி ஆடுகிறவர்கள் தமக்கேற்ற கேமுக்காகக் காத்திருந்தார்கள்.

ஒழுங்கைக்கு ஒழுங்கை பிள்ளைகள் மென்பந்துக் கிரிக்கெட் ஆடுகிறார்களே, அதனால் யாழ். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் போட்டிக்குக் கூட்டம் குறைந்துவிட்டதா?

மானிப்பாய் வாசகி எழுதியது:

அண்ணா, உங்கள் உவமையை நான் ஏற்கிறேன், ஆனால் ஒரு வேறுபாட்டுடன். ஒழுங்கையில் ஆட்டமிழந்த பிள்ளையிடம், மீண்டும் துடுப்பெடுக்க வேண்டுமானால் பணம் கொடு என்று எவரும் கேட்பதில்லை. நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். எனக்குச் சிறு கேம்கள்மீது எந்த வெறுப்பும் இல்லை. விழும் கட்டைகளை அடுக்கும் கேமான, 1984இல் உருவான டெட்ரிஸைவிட எளிய கேமும் இல்லை, அதைவிடக் கூர்மையான வடிவமைப்பும் அரிது. அச்சப்பட வேண்டியது அவற்றில் பல பணம் ஈட்டும் முறையைக் கண்டுதான்.

கேண்டி க்ரஷில் ஐந்து உயிர்கள், அதாவது ஆடும் வாய்ப்புகள், தீர்ந்தால், ஓர் உயிர் திரும்பி வர 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் செலுத்த வேண்டும். ஆடுகிறவரின் பொறுமையின்மையே அங்கே விலைப்பொருள். இந்த முறை தன் எல்லைக்குள் நிற்கவில்லை. 1997இல் வந்த 'டஞ்சன் கீப்பர்', நிலவறையைத் தோண்டித் தோண்டி நாமே வடிவமைக்கும் அருமையான கேம். அதன் பெயரில் 2014இல் வந்த கைபேசிக் கேமில் சில பாறைகளை உடைக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது; அதை இலவசம் என்று விளம்பரப்படுத்தியது மக்களைத் தவறாக வழிநடத்துவதாகப் பிரித்தானிய விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அதே ஆண்டு தீர்ப்பளித்தது. 2017இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2', முழு விலை கொடுத்து வாங்கியவர்களிடமே, உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை விற்க முனைந்தது. எதிர்ப்புக் கிளம்பியதால்தான் வெளியீட்டுக்குச் சற்று முன் அந்த விற்பனை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

என் அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கேமில் துப்பாக்கியின் நிறத்தை மாற்றுவதற்காக அக்காவின் ரீலோட் பணம் முழுவதையும் ஒரே இரவில் செலவழித்துவிட்டு, மறுநாள் அவன் அழுத அழுகையை நான் நேரில் பார்த்தேன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாவகச்சேரியிலிருந்து ஒருவர் எழுதியது:

ஊன்றி ஆடுவது கணினியில் மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது பெரிய கேம்களுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்ட் வாங்கும் எண்ணத்தையே நான் கைவிட்டேன். ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த அக்காலத்தில் என் கணினி வெறும் மேசைப் பொருளாகவே கிடந்தது. அப்போது கைபேசியில் பப்ஜி ஆடத் தொடங்கி, வரைபடத்தை மனப்பாடம் செய்து, நான்கு பேர் கொண்ட அணியாக நாள்தோறும் பயிற்சி செய்தோம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பப்ஜி மொபைலுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது.

கொக்குவில்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அம்மாவின் கேமைக் குறைவாக எண்ணியது என் தவறு என்று இப்போது உணர்கிறேன். அக்கா, ஒரு பெரிய கேமை வாங்குமுன் அதில் நீங்கள் சொன்ன முறை புகுந்திருக்கிறதா என்று எவ்வாறு கண்டறிவது?

மானிப்பாய் வாசகி எழுதியது:

தம்பி, வாங்கும் பக்கத்தில் கேமுக்குள் கொள்முதல் உண்டு என்ற குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பணம் கொடுத்தபின் கேமில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று ஏற்கெனவே ஆடியவர்களிடம் கேளுங்கள். புதிய கதையோ புதிய நிலமோ கூடினால் அது நேர்மையான வியாபாரம். காத்திருப்பும் அலுப்பும் குறைகின்றன என்று சொன்னால், அவற்றை விற்பதற்காகவே உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கேமை வாங்காதீர்கள். 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' இத்தகைய எதையும் விற்காமலேயே அந்த ஆண்டின் சிறந்த கேமுக்கான விருதைப் பெற்றது. உங்கள் கணினி தாங்குமானால் அதிலிருந்து தொடங்குங்கள்.