ஐம்பது கடந்த பெண்களுக்குச் சத்துக் குளிசைகள் அவசியமா?

உப்புவெளி மகள்:
வயதான பெண்களுக்குச் சத்துக் குளிசை வாங்குவது காசைக் கடலில் கொட்டுவது என்று மருந்தாளர் ஐயா நேற்று எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. என் அம்மா எழுபதை நெருங்குகிறார். நீரிழிவுக்காக நெடுங்காலமாக மெட்ஃபோர்மின் எடுக்கிறார், பாலைத் தொடமாட்டார், வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். கல்சியம், விட்டமின் டி, ஒரு பல்சத்துக் குளிசை ஆகியவற்றை நான் கொடுப்பது விளம்பரத்தில் மயங்கியல்ல. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு விரைவாகத் தேய்கிறது என்பது எல்லோரும் அறிந்ததுதானே?

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
எலும்பு தேய்வது உண்மைதான், மகள். அந்தத் தேய்வைக் குளிசை தடுக்கிறதா என்பதே என் கேள்வி. மாதவிடாய் நின்ற 36,282 அமெரிக்கப் பெண்களில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கல்சியமும் 400 அலகு விட்டமின் டியும், மறு பாதிக்கு ஒப்பிடுவதற்காகச் சத்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. எலும்பின் அடர்த்தி சற்றே கூடியது. இடுப்பெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சிறுநீரகக் கல் ஏற்படும் வாய்ப்போ 17 வீதம் உயர்ந்தது. பின்னர் 25,871 பேருக்கு நாளொன்றுக்கு 2,000 அலகு விட்டமின் டியோ வெற்றுக் குளிசையோ கொடுத்துப் பார்த்த ஆய்வும் முறிவுகள் குறையவில்லை என்றே 2022இல் அறிவித்தது.

'மெட்டபோலிசத்தைக் கூட்டும்', அதாவது உடல் சக்தியைச் செலவிடும் வேகத்தைக் கூட்டும், என்று எழுதிய போத்தல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 29 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்த 2021ஆம் ஆண்டின் ஆய்வு, உடலின் பருமனையும் அமைப்பையும் கணக்கிலெடுத்தால், உடல் செலவிடும் சக்தி இருபதிலிருந்து அறுபது வயதுவரை ஏறத்தாழ மாறாமல் இருந்து, அதன்பின்னரே ஆண்டுக்குச் சுமார் 0.7 வீதம் குறைகிறது என்று காட்டியது. அதைத் திருப்பும் குளிசை எதுவும் இல்லை. செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு சிலருக்கு ஈரலையே பாதித்திருக்கிறது.

உப்புவெளி மகள்:
அந்தப் போத்தல்களை நானும் வாங்குவதில்லை, ஐயா. ஆனால் நீங்கள் சொன்ன 2006ஆம் ஆண்டு ஆய்விலேயே, குளிசையை ஒழுங்காக எடுத்த பெண்களிடம் இடுப்பெலும்பு முறிவு 29 வீதம் குறைவாக இருந்ததை விட்டுவிட்டீர்கள். 2022ஆம் ஆண்டு ஆய்வில் சேர்ந்தவர்களும் குறைபாடு உள்ளவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். வெயில் குறையாத தெற்காசியாவிலேயே பெண்களிடம் விட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கும்போது அவர்களின் முடிவை எங்கள் தாய்மாருக்கு எப்படிப் பொருத்துவது? எழுபத்தைந்து வயதைக் கடந்தோருக்குப் பரிசோதனை இன்றியே டி கொடுக்கலாம் என்று அமெரிக்க அகஞ்சுரப்பியியல் சங்கமும் 2024இல் பரிந்துரைத்துள்ளது.

தம்பலகாமத்து ஆசிரியை:
இருவரும் எலும்பையே பேசுகிறீர்கள். அதைத் தாங்கி நிற்கும் தசையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் வீடுகளில் அம்மாமார் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மீன் துண்டு தீர்ந்த சட்டியில் மிஞ்சிய குழம்பைச் சோற்றோடு பிசைந்து உண்கிறார்கள். முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று வல்லுநர்கள் கூறுகிறார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 50 முதல் 60 கிராம். அந்தக் குழம்பில் அதற்கு எங்கே போவது? முள்ளோடு மெல்லும் நெத்தலியும், குரக்கன் பிட்டும், எருமைத் தயிரும் இந்த மாவட்டத்தில் கிடைக்காதவை அல்ல. குளிசை வாங்கும் காசில் முதலில் அம்மாவின் தட்டில் ஒரு மீன் துண்டைக் கூடுதலாக வையுங்கள். கதிரையில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை நாள்தோறும் செய்ய வையுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
ஆசிரியை சொல்வதை முழு மனதோடு வழிமொழிகிறேன். மகளுக்கு ஒன்று: உங்கள் அம்மாவுக்கு நான் முதலில் கவனிக்கச் சொல்வது விட்டமின் டி அல்ல, விட்டமின் பி12. மெட்ஃபோர்மின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு அது உறிஞ்சப்படுவது குறையும். அந்தக் குறைபாட்டால் கால் விறைப்பும் சோர்வும் வந்தால் முதுமை என்று ஒதுக்கிவிடுவோம். குறைபாடு உறுதியானால் குளிசையோ ஊசியோ கட்டாயம் வேண்டும், அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. தைரொயிட் சுரப்புக் குறைவுக்காகத் தைரொக்சின் எடுப்பவர்கள் கல்சியத்தையும் இரும்புச்சத்தையும் நான்கு மணித்தியாலம் தள்ளியே எடுக்க வேண்டும். முடிக்கென்று விற்கும் பயோட்டின் தைரொயிட் பரிசோதனையைப் பிழையாகக் காட்டக்கூடும். டியை 'ஆண்டுக்கு ஒருமுறை பெரிய அளவாக' எடுக்கும் யோசனையும் வேண்டாம்: எழுபது கடந்த அவுஸ்திரேலியப் பெண்களுக்கு ஐந்து இலட்சம் அலகை ஒரே தடவையில் கொடுத்தபோது விழுதலும் முறிவும் கூடின என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

உப்புவெளி மகள்:
அடுத்த கிளினிக்கில் பி12 பற்றி நிச்சயம் கேட்பேன்; பல்சத்துக் குளிசையின் போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுவேன். டியை மட்டும் நிறுத்தமாட்டேன், ஐயா. நாளாந்தச் சிறு அளவுக்கு ஆகும் செலவைவிட இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு எங்களுக்குப் பெரிது. நீங்கள் காட்டிய ஆய்வுகளிலும் நாளாந்தம் எடுத்த அந்த அளவு டியால் மட்டும் பெருங்கேடு வந்ததாக நான் காணவில்லை.