வரிசை மாற்றி நடுவது கட்டுக்கதையாம்!

மண்வெட்டி:
நேற்று ஒரு புதியவர் மைன்கிராஃப்ட் விளையாட்டில் கோதுமைக்குத் தானியங்கிப் பண்ணை எப்படிப் போடுவது என்று இங்கே கேட்டிருந்தார். அதற்கு நம் ஹாப்பர்காரன் அருளிய பதில் இது: "நடுவில் ஒரு தண்ணீர், சுற்றி 9க்கு 9, முழுக்க ஒரே பயிர், உள்ளே ஒரு விவசாயி வில்லேஜர் (விளையாட்டே இயக்கும் கிராமத்து ஆள்). முடிந்தது வேலை. வரிசை மாற்றி நடுவதெல்லாம் பழைய கட்டுக்கதை." இதற்குக் கைதட்ட வேறு ஆட்கள்! படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கைப் போடுகிறேன், தப்பு இருந்தால் காட்டுங்கள். ஈரமான உழுத மண்ணில் நிற்கும் செடிக்கு விளையாட்டு கொடுப்பது 4 வளர்ச்சிப் புள்ளி. சுற்றியுள்ள எட்டுக் கட்டமும் ஈரமான உழுத மண் என்றால் தலைக்கு முக்கால் புள்ளி, அது ஒரு 6. ஆக 10. விளையாட்டின் விதிப்படி இருபத்தைந்தைப் பத்தால் வகுத்து, பின்னத்தைத் தள்ளி, ஒன்று கூட்டினால் 3. அதாவது செடிக்கு ஒவ்வொரு முறை வாய்ப்பு வரும்போதும் அது வளர மூன்றில் ஒரு பங்கு சாத்தியம். இப்போது இவர் சொன்னபடி நாலாபக்கமும் ஒரே பயிரை அடைத்தால், விளையாட்டு அந்தப் பத்தைப் பாதியாக வெட்டிவிடும். ஐந்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஆறில் ஒன்று. விளையாட்டின் கணினிப் பதிப்பான ஜாவாவில் ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 68 விநாடிக்கு ஒரு முறைதான் வாய்ப்பே வரும். கோதுமை ஏழு படி ஏற வேண்டும். ஒரு வரிசை ஒரு பயிர், அடுத்த வரிசை வேறு பயிர் என்று வரிசை மாற்றி நட்டால் சுமார் 24 நிமிடம். ஹாப்பர்காரன் முறையில் 48 நிமிடம்.

கட்டுக்கதையாம். மூன்றில் ஒன்றா, ஆறில் ஒன்றா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

ஹாப்பர்காரன்:
வந்துவிட்டார் கணக்கு வாத்தியார். ஐயா, நான் சொன்னது வில்லேஜர் வைத்த பண்ணைக்கு. ஒரு வரிசை கோதுமை, ஒரு வரிசை கேரட் என்று அழகாக நட்டுவிட்டு அவரை உள்ளே விட்டுப் பாருங்கள். அவர் விளைந்ததைப் பறிப்பார், கீழே விழுந்ததைப் பொறுக்குவார், பையில் எந்த விதை முதலில் கைக்கு வருகிறதோ அதை நடுவார். உங்கள் வரிசை அவருக்குத் தெரியாது. நாலு நாளில் வயல் கலந்த சாதம் மாதிரி ஆகிவிடும். இல்லாத வரிசைக்கு எதற்குச் சுவாமி கணக்கு?

மண்வெட்டி:
கேள்விக்குப் பதில் வரவில்லை. மூன்றில் ஒன்றா, ஆறில் ஒன்றா?

ஹாப்பர்காரன்:
உங்கள் தாளில் மூன்றில் ஒன்று. என் வயலில் வரிசையே கிடையாது. இன்னொன்றும் கேளுங்கள். வில்லேஜர் வயலில் இறங்குவது விளையாட்டு நேரத்தில் 2000-வது டிக்கிலிருந்து 9000-வது டிக் வரைதான் (டிக் என்பது விளையாட்டின் சின்ன நேர அலகு). நம் கடிகாரத்தில் ஆறு நிமிடம்கூட முழுசாக இல்லை. ஒரு நாள் 20 நிமிடம். மீதி நேரம் அவர் கதை பேசுவார், தூங்குவார். பயிர் இரட்டை வேகத்தில் விளைந்து நின்றாலும் பறிக்க ஆள் வேண்டாமா? என் வயலில் விளைந்த கேரட் பறிபடாமல் நிற்பதை நானே தினமும் பார்க்கிறேன்.

மண்வெட்டி:
கேரட்டா! கேட்டவர் கேட்டது கோதுமை. நீங்கள் ஓட்டுவது கேரட் பண்ணை. எதிரே பசியோடு ஒரு வில்லேஜரை நிறுத்தி, விவசாயி அவருக்கு வீசும் கேரட்டை நடுவில் ஹாப்பர் (விழுவதை உறிஞ்சிக்கொள்ளும் பெட்டி) வைத்து வழிப்பறி செய்கிறீர்கள், அவ்வளவுதானே உங்கள் பொறியியல்? அதே இடத்தில் கோதுமை போட்டால் அந்த மனுஷன் கம்போஸ்டர் (உரத்தொட்டி) பக்கத்தில் நின்று ரொட்டியாகச் செய்துவிடுவார். மாட்டுக்கு ரொட்டியா ஊட்டுவது? மாடு ஜோடி சேருவது கோதுமைக்கு.

ஆக, பயிரும் தப்பு, வேகமும் ஆறில் ஒன்று.

சும்மாவந்தவன்:
அண்ணா, அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். எனக்கு மாடு இரண்டுதான் இருக்கிறது. சின்னதாக ஒன்று போதும்.

மண்வெட்டி:
தம்பி, சின்னதோ பெரிதோ, அடிப்படை சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் இவரிடம் பேசி முடித்துவிடுகிறேன்.

பூசணிஅக்கா:
எனக்கு ஒரு சந்தேகம். கோதுமை மட்டும் வேண்டுமென்று ஒரு வரிசை நட்டு, அடுத்த வரிசையை வெறும் உழுத மண்ணாக விட்டால் பாதிச் செடி, இரட்டை வேகம். முழுக்க நட்டால் முழுச் செடி, பாதி வேகம். கடைசியில் பெட்டியில் விழுவது கிட்டத்தட்ட ஒன்றுதானே? அப்புறம் எதற்கு இந்தக் கூச்சல்? முதலில் நீங்கள் இருவரும் "திறமையான பண்ணை" என்று எதைச் சொல்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இடத்துக்கு எவ்வளவு என்பதா, மணிக்கு எவ்வளவு என்பதா, நாம் கை வைக்காமல் எவ்வளவு என்பதா?

மண்வெட்டி:
அக்கா, வெறும் மண்ணாக யார் விடச் சொன்னது? அந்த வரிசையில் கேரட் நடுங்கள். கோதுமை குறையாது, கேரட் இலவசம். வெறும் மண்ணுக்கும் வேறு பயிருக்கும் செடி ஒரே மரியாதைதான் கொடுக்கும். அதே பயிர் குறுக்கும் நெடுக்கும் இரண்டு பக்கமும் ஒட்டி நின்றாலோ, மூலைக்கு மூலை தொட்டு நின்றாலோதான் பாதியாக்கும். இதைத்தான் பத்து வருடமாகச் சொல்கிறேன். மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று.

ஹாப்பர்காரன்:
அக்கா கேட்டதற்கு இது பதிலா? சரி, நானே கேட்கிறேன். மண்வெட்டி அவர்களே, உங்கள் பண்ணையில் நடுவது யார்?

மண்வெட்டி:
என் பண்ணை டிஸ்பென்சர் (தண்ணீரைத் திறந்துவிடும் பெட்டி) பண்ணை. ஒரு பொத்தான். தண்ணீர் ஏழு கட்டம் ஓடும், மொத்த விளைச்சலையும் அடித்துக்கொண்டு போய் ஹாப்பரில் தள்ளும். மூன்று அடுக்கு.

ஹாப்பர்காரன்:
நடுவது யார் என்று கேட்டேன்.

மண்வெட்டி:
நான்தான். நடுவது ஒரு வேலையா? நாலு நிமிடம்.

ஹாப்பர்காரன்:
ஹா! ஊருக்கெல்லாம் தானியங்கி பாடம் எடுக்கிறவர் குனிந்து குனிந்து கையால் விதைக்கிறார். இதற்குப் பெயர் தானியங்கியா? வாளியோடு செய்யும் விவசாயம். நான் 1.14 பதிப்பு வந்த 2019-இலிருந்து ஒரு விதைகூடக் கையால் நட்டதில்லை.

மண்வெட்டி:
நட்டதில்லை, அதனால்தான் வரிசையும் இல்லை. ஆறில் ஒன்றும் அதனால்தான். ஓரத்தில் நிற்கும் செடிக்கு இன்னும் மோசம், ஏழில் ஒன்று. மூலையில் ஒன்பதில் ஒன்று. என் வயலில் அதே ஓரம் நாலில் ஒன்று, மூலை ஐந்தில் ஒன்று. உங்கள் மூலைச் செடி விளைவதற்குள் என் பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான்.

கரும்புத்தோட்டம்:
கோதுமைக்கு இவ்வளவு சண்டையா? கரும்பு போடுங்களப்பா. மூன்றாவது கணுவுக்கு நேரே ஒரு ஆப்சர்வர் (மாற்றத்தைக் கவனிக்கும் கட்டை), அதற்குக் கீழே பிஸ்டன் (தள்ளும் கட்டை), கரும்பு அந்த உயரம் வந்ததும் தானே வெட்டித் தள்ளும். அடிக்கணு நிற்கும், திரும்ப நட வேண்டியதே இல்லை. வில்லேஜரும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். ஒரே ஒரு விஷயம், மணலில் நடுங்கள். மணலில் கரும்பு வேகமாக வளரும்.

மண்வெட்டி:
என்னது? மணலிலா? இந்தக் கதை இன்னும் சாகவில்லையா? கரும்பு ஒரு கணு ஏற 16 வாய்ப்பு வேண்டும், சராசரி 18 நிமிடம். மணல் ஆனாலும் மண் ஆனாலும் புல் ஆனாலும் அதே 18. பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

கரும்புத்தோட்டம்:
நான் பக்கத்தில் பக்கத்தில் நட்டு என் கண்ணால் பார்த்தேன். மணலில் இருந்ததுதான் முதலில் வளர்ந்தது.

மண்வெட்டி:
எத்தனை செடி?

கரும்புத்தோட்டம்:
இரண்டு.

மண்வெட்டி:
இரண்டு செடி. ஒன்று மணல், ஒன்று மண். பூவா தலையா போட்டுப் பார்த்துவிட்டு ஆராய்ச்சி என்கிறார். இந்த லட்சணத்தில்தான் இங்கே வரிசை கட்டுக்கதை, மணல் நிஜம்.

பாக்கெட்வாசி:
போனில் பெட்ராக் பதிப்பு ஆடுகிறவர்கள் எங்களை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எங்கள் பக்கம் கரும்புக்குப் போன்மீல் (எலும்பு உரம்) போட்டால் ஒரே நொடியில் முழு உயரம். ஜாவாவில் முடியுமா? முடியாது. 18 நிமிடம் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.

மண்வெட்டி:
பெட்ராக் பேச்சு இங்கே எதற்கு? உங்கள் பக்கம் டிக் வேகமே (செடிக்கு வாய்ப்பு வரும் வேகம்) 1 என்று வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு 3.

பாக்கெட்வாசி:
எண் பெரிதாக இருந்தால் பெருமையா? போன மாதம் நீங்கள் போட்ட வீடியோவில் டிக் வேகம் எவ்வளவு வைத்திருந்தீர்கள் என்று சொல்லலாமா? திரையின் கீழே கட்டளை தெரிந்தது, நான் பார்த்தேன். 300.

ஹாப்பர்காரன்:
முந்நூறா! ஆஹா! மூன்றில் ஒன்றின் ரகசியம் இதுதானா?

மண்வெட்டி:
அது காட்டுவதற்காக வேகமாக ஓட்டியது. 24 நிமிட வீடியோவை நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்களா? டிக் வேகத்தை 300 ஆக்கினாலும் 3 ஆக்கினாலும் பங்கு மாறாது. வரிசைக்கு மூன்றில் ஒன்று, உங்கள் கூட்டத்துக்கு ஆறில் ஒன்று. இதுகூடப் புரியாதவரிடம் நான் என்ன பேசுவது?

ஹாப்பர்காரன்:
பேசாதீர்களேன். யார் கூப்பிட்டார்கள்?

மண்வெட்டி:
கட்டுக்கதை என்று எழுதினீர்களே, அது கூப்பிட்டது. என்னை விடுங்கள், இந்தப் பையன் உங்கள் பேச்சைக் கேட்டு 80 செடியையும் கோதுமையாக நட்டு 48 நிமிடம் காத்திருப்பான். நடுவில் படுத்துத் தூங்கினால் பயிரும் சேர்ந்து வளர்ந்துவிடும் என்று வேறு யாராவது சொல்லிக் கொடுப்பீர்கள். தூங்கினால் பொழுதுதான் விடியும், பயிருக்கு அந்த நேரம் கணக்கில் வராது.

இன்னும் ஒன்று. நடுவில் தண்ணீர் வைத்தால் பக்கத்துச் செடிக்கு ஒரு கட்டம் குறைகிறதே, வேகம் போகாதா என்று போன வருடம் ஒருவர் என்னிடம் மடக்கிக் கேட்டார். போகாது. 9.25 புள்ளி வரும், வகுத்துப் பின்னத்தைத் தள்ளினால் அதே மூன்றில் ஒன்றுதான். இதையெல்லாம் நான் எப்போதோ தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஹாப்பர்காரன்:
அந்த "ஒருவர்" நான்தான். ஒருவர் என்று என்ன பூடகம்? நான் மடக்கவும் இல்லை, சந்தேகம்தான் கேட்டேன். அதற்கு நீங்கள் சர்வரில் எல்லார் முன்னாலும் சிரித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பூசணிஅக்கா:
ஞாபகம் என்றதும் எனக்கும் ஒன்று ஞாபகம் வருகிறது. போன பொங்கலுக்கு என் கேரட் வயலின் குறுக்கே ஒருவர் குதித்துக் குதித்து ஓடினார். உழுத மண் பன்னிரண்டு கட்டம் வெறும் மண்ணாகிப் போனது. பயிர் அறிவியல் பேசுகிறவருக்கு வயலில் குதிக்கக் கூடாது என்று தெரியாதா?

மண்வெட்டி:
அக்கா, பின்னால் ஒரு கிரீப்பர், அந்த வெடிக்கும் அரக்கன், துரத்தியது. நடந்து போயிருந்தால் மொத்த வயலும் வெடித்திருக்கும்.

பூசணிஅக்கா:
என் வயல் முழுக்க விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஏது கிரீப்பர்?

மண்வெட்டி:
காட்டிலிருந்து கூடவே வந்தது.

ஹாப்பர்காரன்:
பன்னிரண்டு கட்டத்தில் எத்தனை கட்டம் மூன்றில் ஒன்று, எத்தனை ஆறில் ஒன்று என்று கேட்டுச் சொல்லுங்கள் அக்கா.

கரும்புத்தோட்டம்:
நான் இன்று நாலு செடி நட்டிருக்கிறேன். இரண்டு மணல், இரண்டு மண். நாளைக்குச் சொல்கிறேன். ஜீரோ டிக் தந்திரம் இருந்த காலத்தில் இந்த வம்பே இல்லை. பிஸ்டன் அடிக்கிற அடியில் கரும்பு கொட்டும். 1.16 பதிப்பில் அதைப் பிடுங்கினார்கள், அன்றிலிருந்து நமக்குச் சண்டைதான்.

மண்வெட்டி:
ஜீரோ டிக் ஒரு பிழை. பிழையை வைத்துப் பண்ணை ஓட்டியவர்தான் மணல் கதையும் சொல்வார், ஆச்சரியம் இல்லை.

சும்மாவந்தவன்:
அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. பக்கத்துக் கிராமத்தில் வைக்கோல் கட்டு நிறைய இருந்தது. ஒரு கட்டுக்கு ஒன்பது கோதுமை வந்தது. மாடு இப்போது ஆறு. பண்ணை இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மண்வெட்டி:
தம்பி, வைக்கோல் திரும்ப முளைக்காது. ஒழுங்காக வரிசை மாற்றி நடுங்கள். ஹாப்பர்காரன் இன்னும் என் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதை எல்லாரும் கவனிக்க வேண்டும்.

ஹாப்பர்காரன்:
நீங்கள் இன்னும் கையால் நடுகிறீர்கள் என்பதையும் எல்லாரும் கவனிக்க வேண்டும்.

மண்வெட்டி:
கையால் நட்டாலும் மூன்றில் ஒன்று.

பூசணிஅக்கா:
பன்னிரண்டு கேரட். இன்னும் வரவில்லை.